லாரியின் கேபினும் ஒரு வீடுதான்

மார்கழி மாதத்தில் ஒரு நாள், பொழுது விடிவதற்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். சாலையின் ஓரத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பழைய இரும்பு ஏற்றி வந்தவை, முறுக்குக் கம்பி ஏற்றக் காத்திருப்பவை, காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்குப் போகும் பெட்டக லாரிகள் எனப் பலவகை. எண் பலகைகளைப் படித்தால் ஆந்திரம், ஒடிசா, இராஜஸ்தான், ஹரியானா என்று பாதி இந்தியாவே அங்கு உறங்கிக் கொண்டிருப்பது தெரியும். முன்கண்ணாடிகள் எல்லாம் வெள்ளையாக மங்கியிருக்கும்.

அந்தக் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். (ஓட்டுநர் விழித்துக்கொண்டால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.) கோடு விழுந்தால் அது வெளியே படிந்த பனி. தெளிந்த இரவில் உலோகமும் கண்ணாடியும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அவற்றின் மீது பட்டுத் துளியாகிறது. கோடு விழவில்லை என்றால்? மங்கல் உள்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அது உள்ளே படுத்திருக்கும் மனிதர்களின் மூச்சு.

அந்த உள்பக்கத்து மங்கலைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வழக்கம் உண்டு. 'பிக்-அப்' எனப்படும் சிறு சரக்கு வண்டியின் முதுகில் ஒரு சிறிய வீட்டையே தூக்கி வைத்துக்கொண்டு ஊர் சுற்றப் புறப்பட்டு விடுவார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். பனிக்காலத்திலும் அதில் தங்குபவர்கள் உண்டு. அவர்கள் ஓயாமல் கவலைப்படுவது மூன்றைப் பற்றி: வெப்பம் வெளியே ஓடுவது, சுவரில் தண்ணீர் வழிவது, அடுப்பின் நச்சுப் புகை. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் ஓட்டுநர்களுக்கோ அதே மூன்றும் பிழைப்போடு வருகின்றன. வடக்கே சரக்கு கொண்டு போகும் ஓட்டுநரும் அவருடைய துணையாளும் வாரக் கணக்கில் அந்தக் கேபினில்தான் வாழ்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். நாகபுரியைத் தாண்டும்போது 12, 13. ஜனவரியில் தில்லியை எட்டும்போது 7, 8. வண்டி அதே வண்டிதான், போர்வையும் அதே போர்வைதான்.

என் தாய்மாமன் லாரி ஓட்டியவர். நான் பள்ளியில் படித்தபோது ஒரு விடுமுறையில் அவருடைய வண்டியில் இரண்டு இரவுகள் உறங்கியிருக்கிறேன். காலையில் எழுந்தால் தலை கனக்கும், போர்வை ஈரமாக இருக்கும். "ஏன் மாமா கண்ணாடியை முழுசா ஏத்திட்டுப் படுக்குறீங்க?" என்று கேட்டேன். "கொசு ஒண்ணு, திருட்டுப் பயம் ரெண்டு. குளிரு மூணாவதுதான்டா மாப்ளே" என்றார். நான் பின்னால் படித்த பல பாடங்களை அந்த ஒரு பதிலில் அவர் அடக்கிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

சற்றுக் கணக்குப் போடுவோம். பெரிய லாரி ஒன்றின் கேபினுக்குள் ஏறத்தாழ 5 கன மீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அதாவது 5,000 லிட்டர். உறங்கும் மனிதர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் என்றால் 24 லிட்டர். கேபின் முழுவதும் அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே கரியமில வாயுவின் அளவு ஏறக்குறைய அரை சதவீதம் கூடும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதத்தைச் சற்றே தாண்டி இருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய வண்டிகளில் கதவிடுக்கு வழியாகக் காற்று நுழைந்து காப்பாற்றிவிடும். கதவுகள் நன்றாகப் பொருந்தும் புதிய வண்டிகளில் அந்தத் தற்செயலான உதவி குறைவு. இவ்வளவில் உயிர் போய்விடாது. ஆனால் தலை கனக்கும், உறக்கம் கெடும். உறக்கம் கெட்டவர் கையில்தான் மறுநாள் காலை இருபது டன் கம்பியும் சுழற்சக்கரமும் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். மூச்சிலும் தோலிலுமாக ஒருவர் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளியேற்றுகிறார். இருவர், ஏழு மணி நேரம்: அரை லிட்டருக்கு மேல். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். கேபின் காற்று முழுவதும் சேர்ந்தாலும் 85 கிராம் சொச்சம்தான். 10 டிகிரியில் அதில் பாதி. மீதித் தண்ணீர் எங்கே போகும்? கண்ணாடியில், கூரைத் தகட்டில், படுக்கையில், போர்வையில். கேபினுக்குள்ளேயே எரிவாயு அடுப்பு மூட்டினால் நிலைமை இன்னும் மோசம். 100 கிராம் சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 155 கிராம் தண்ணீர் உண்டாகும். எரிவாயுவின் எடையைவிடத் தண்ணீரின் எடை கூடுதலாக இருப்பது எப்படி என்று திகைக்காதீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது அல்லவா? பியூட்டேன் எரியும் சமன்பாட்டை எழுதி நீங்களே சரிபார்க்கலாம்.

இனி வெப்பம். மாமா சொன்னதில் மூன்றாவதாக வந்தது இதுதான், ஆனால் இதில் ஒரு வியப்பு இருக்கிறது. உறங்கும் ஒருவர் ஏறத்தாழ 75 வாட் வெப்பம் தருகிறார். இருவர் சேர்ந்தால் 150 வாட், அதாவது பழைய குண்டு பல்புகள் இரண்டு எரிவது போல. கேபினின் வெளிப்பரப்பு 12 சதுர மீட்டர் என்போம். வெறும் தகடும் கண்ணாடியுமான சுவர் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும், ஒவ்வொரு டிகிரி வேற்றுமைக்கும், சுமார் ஐந்தரை வாட் வெப்பத்தை ஓடவிடும். பெருக்கினால் 66 வாட். 150-ஐ 66-ஆல் வகுத்தால் விடை இரண்டேகால். ஆக, கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டு இருவர் உடல் சூட்டையும் தேக்கினாலும் கேபின் வெளியைவிட இரண்டேகால் டிகிரிதான் சூடாகும்!

சரி, இருபுறமும் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்குவோம். இருவர் நலமாக மூச்சுவிட மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வந்தால் போதும். அந்தக் காற்று தன்னோடு எடுத்துச் செல்லும் வெப்பம் ஒரு டிகிரிக்குச் சுமார் 10 வாட். இப்போது 150-ஐ 76-ஆல் வகுக்க வேண்டும். விடை கிட்டத்தட்ட இரண்டு. கண்ணாடியை மூடியதால் கிடைத்த இலாபம் கால் டிகிரி! குளிருக்காகக் கண்ணாடியை மூடும் ஓட்டுநர் கால் டிகிரி சூட்டுக்கு விலையாகத் தலைவலியையும் ஈரப் போர்வையையும் வாங்கிக்கொள்கிறார். வெப்பம் ஓடுவது சன்னல் இடுக்கு வழியாக அன்று, தகட்டின் வழியாக. இது தோராயக் கணக்குதான், காற்று பலமாக வீசினால் மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

அதே கேபினின் கூரையிலும் பக்கங்களிலும் ஓர் அங்குல நுரைப் பலகை ஒட்டி, கண்ணாடிகளுக்குக் கனத்த திரை போட்டால் 66 வாட் என்பது 24 வாட் அளவுக்கு இறங்கும். காற்றுக்கு வழிவிட்ட பிறகும் உள்ளே நாலரை டிகிரி கூடுதல் சூடு நிற்கும். முன்பு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் மரச்சட்டமும் பலகையும் வைத்துக் கேபின் கட்டினார்கள். எஃகைவிட மரம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்தும். மாமா தன் பழைய மரக் கேபினைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவார். அது வெறும் ஏக்கம் அன்று, பௌதிகம் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. மோதலில் மரக் கேபின் சிதறிவிடும் என்பதால் அதைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லமாட்டேன்.

இதுவரை சொன்னவை அசௌகரியங்கள். உயிரைக் குடிப்பது வேறொன்று.

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில், வடகரைக்கு அருகே கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டியின் தளத்தின் வழியாக உள்ளே புகுந்திருந்தது. பிறகு கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அடங்கிய குழு அதே வண்டியில் அதே ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தது. இரண்டு மணி நேரத்தில் உள்ளே கார்பன் மோனாக்சைடு பத்து இலட்சத்தில் 900 பங்குக்கு மேல் ஏறிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு ஒன்பது பங்கைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்தோடு இதைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு மயக்கம். விழித்திருப்பவர் ஏதோ சரியில்லை என்று வெளியே வந்துவிடலாம். உறங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. வடமாநிலங்களில் குளிர்காலந்தோறும் 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் வருகின்றன. தெற்கேயிருந்து போகும் நம் ஓட்டுநருக்கு அந்த ஊர்க் குளிரும் புதிது, அந்த அடுப்பும் புதிது. டீசல் புகையில் இந்த வாயு பெட்ரோல் புகையைவிடக் குறைவு என்பது உண்மை. அதை நம்பி எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கலாம் என்பது உண்மை அன்று. புகைக்குழாயில் ஓட்டை இருப்பது தூங்குபவருக்கு எப்படித் தெரியும்?

குளிர் மிகுந்த ஐரோப்பிய நாடுகளில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு. நிறுத்தி வைத்த லாரிகளில் ஒரு சிறு டீசல் கணப்பு இருக்கும். எரிவதற்கான காற்றை அது வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விட்டுவிடும். கேபின் காற்று சூடான உலோகத்தைத் தொட்டுத் திரும்புமே தவிரச் சுடரைப் பார்ப்பதே இல்லை. மணிக்குக் கால் லிட்டர் டீசல்கூட ஆகாது. எஞ்சினையே ஓடவிட்டால், அமெரிக்கப் பெருலாரிகளில் மணிக்கு மூன்று லிட்டர் அளவு வீணாகிறது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள சரக்கு வண்டிகளின் கேபின்களில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. சித்திரை வெயிலில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவது என்னவென்று தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த விதி ஓடும் கேபினை நினைத்து எழுதப்பட்டது. நிற்கும் கேபினை அது மறந்துவிட்டது. எஞ்சின் நின்றால் குளிர்சாதனமும் நின்றுவிடும். டீசல் கணக்குக் கேட்கும் முதலாளியிடம் 'இரவு முழுதும் ஓடவிட்டேன்' என்று எந்த ஓட்டுநர் சொல்வார்? விதிக்கு முன் வந்த இலட்சக்கணக்கான பழைய வண்டிகளோ அதில் சேரவே இல்லை. ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம், எப்போது ஓய்வு வேண்டும் என்று 1961-இலேயே நம் நாட்டில் சட்டம் வந்தது. ஓய்வு எத்தனை மணி என்று வகுத்தார்கள், எங்கே என்று கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கேட்டிருக்கிறது: 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கக்கூடாது, முறையான இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று 2020-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் நாளைக்கே போக முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேபினை இரவில் மனிதர் உறங்கும் வீடாகக் கருதி விதி எழுதினால் என்ன? கூரைக்கு உள்ளே வெப்பம் கடத்தாத படலம், வலை போட்ட இரண்டு காற்றுத் துளைகள், கார்பன் மோனாக்சைடு ஏறினால் அலறும் ஒரு சிறு கருவி. இவை மூன்றும் சேர்ந்தாலும் குளிர்சாதனத்தின் விலைக்கு அருகில்கூட வாராது. 'இதையெல்லாம் சேர்த்தால் வண்டி விலை ஏறும், சரக்குக் கட்டணம் ஏறும்' என்று உரிமையாளர்கள் சொல்வார்கள். இரண்டு மூன்று லாரிகள் மட்டும் வைத்துக் கடனில் பிழைக்கும் உரிமையாளர்களை நான் அறிவேன், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான விதியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நட்டம், எல்லாரும் செய்தால் எவருக்கும் இல்லை.

ஆலைகளையும் இதில் விட்டுவிட முடியாது. சிப்காட் சாலையில் இரவில் நிற்கும் லாரி யாருக்காக நிற்கிறது? காலையில் வாயில் திறக்கும்வரை, எடை மேடை காலியாகும்வரை, சீட்டு எழுதும்வரை நிற்கிறது. சாலையோரம் அந்த ஆலைக்கு வாடகையில்லாக் கிடங்காகப் பயன்படுகிறது, கிடங்குக்குக் காவல் ஓட்டுநர். தன் வாயிலுக்கு வரும் வண்டிக்கு மதிலுக்குள் நிற்க இடமும், குளிக்கத் தண்ணீரும், கழிப்பறையும் ஆலை தரவேண்டும் என்பது என் துணிபு. இடமில்லை என்று சொல்லும் சிறிய ஆலைகள் சேர்ந்து ஒரு பொது நிறுத்தத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். விளக்கும் காவலும் உள்ள இடத்தில் வண்டி நின்றால் மாமாவின் இரண்டாவது காரணம், அதாவது திருட்டுப் பயம், தீரும்.

முதல் காரணம் கொசு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சாலையோரப் பள்ளங்களில் நிற்கும் தண்ணீர் எதை வளர்க்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுருள் கொளுத்துகிறார்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கண்டது. அறைக்கே அது கேடு என்றால் 5 கன மீட்டர் கேபினுக்கு?

உங்களால் ஒரு சோதனை செய்ய முடியும். ஒரே அளவான இரண்டு பிஸ்கட் தகர டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உள்பக்கம் முழுதும், மூடிக்கும் சேர்த்து, தெர்மோகோல் ஒட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வெந்நீர் நிரப்பி இறுக மூடிய சிறு புட்டிகளை வைத்து, மூடியில் துளையிட்டு வெப்பமானியைச் செருகுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து வாருங்கள். அடுத்த முறை இரண்டு டப்பாக்களிலும் பக்கத்துக்கு ஒரு சிறு துளை போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். துளையினால் எந்த டப்பாவுக்கு அதிக இழப்பு என்று பாருங்கள். விடை வெறும் தகரத்துக்கு என்று வந்தால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள். நெருப்பு, கரி, அடுப்பு எதையும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

உங்களில் சிலருடைய அப்பாவோ அண்ணனோ லாரி ஓட்டுபவராக இருக்கலாம். சோதனை முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டை அவரிடம் காட்டுங்கள். பிறகு கேபின் கதவுக் கண்ணாடியின் மேல்பகுதியை அளந்து, நான்கு விரல் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் செய்து, அதில் கொசுவலை இழுத்துக் கட்டுங்கள். கண்ணாடியை அந்த அளவு இறக்கிச் சட்டத்தைப் பொருத்தினால் கொசு வராது, வெளியிலிருந்து கை நுழையாது, காற்று வரும். மறு கதவுக்கும் ஒன்று செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. வலை கிழிந்தால் மாற்றுவதற்காகச் சட்டத்தை ஆணி அடிக்காமல் திருகு போட்டு இணைப்பது நல்லது.